ஆன்லைன் கேம்ஸ்: சர்வர் யார் கையில்?

“எந்த ஆன்லைன் கேம் நல்லது?” என்ற கேள்வி பெற்றோரிடமிருந்தும் மாணவர்களிடமிருந்தும் அடிக்கடி வருகிறது. கேட்பவர்கள் கிராபிக்ஸ், வேகம், எத்தனை பேர் சேர்ந்து ஆடலாம் என்பதைப் பற்றிய பதிலை எதிர்பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது வேறொன்றை. அந்த கேம் இயங்கும் சர்வர் யார் கையில் இருக்கிறது? அதை இயக்கும் புரோகிராமை வேறு யாராவது படித்துப் பார்க்க முடியுமா? இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால், அந்த கேமில் நம் பிள்ளைகள் செலவழிக்கும் நேரமும் பணமும் எங்கே போகின்றன என்பது ஓரளவுக்குப் புரிந்துவிடும். ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர் பற்றி நான் தொடர்ந்து பேசுவதற்கும் இதுவே காரணம். இந்தக் கட்டுரையில் அடிப்படைகளைப் பார்த்துவிட்டு, வீட்டில் கிடக்கும் பழைய லேப்டாப் ஒன்றில் சொந்தமாக கேம் சர்வர் அமைப்பது வரை செல்லலாம்.

ஆன்லைன் கேம் எப்படி இயங்குகிறது?

உங்கள் போனிலோ கம்ப்யூட்டரிலோ நீங்கள் இன்ஸ்டால் செய்வது கேமின் ஒரு பாதி மட்டுமே. அதற்கு கிளையண்ட் என்று பெயர். படங்களைக் காட்டுவது, ஒலி தருவது, நீங்கள் எந்த பட்டனை அழுத்தினீர்கள் என்று சொல்லி அனுப்புவது ஆகியவை அதன் வேலைகள். மறு பாதியான சர்வர் வேறு எங்கோ ஓடுகிறது. யார் எங்கே நிற்கிறார், யார் சுட்டது யார் மீது பட்டது, யாரிடம் எத்தனை காசு உள்ளது என்ற கணக்கு முழுவதும் அங்கேதான் வைக்கப்படுகிறது. இரண்டு கிளையண்ட்கள் வேறு வேறு தகவல் சொன்னால் சர்வர் சொல்வதே தீர்ப்பு.

உங்கள் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு தகவல் சர்வருக்குச் சென்று பதில் திரும்பி வர ஆகும் நேரத்தை பிங் என்கிறோம். இது மில்லி செகண்டில் அளக்கப்படுகிறது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லி செகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் போகும். பழனி பக்கமிருந்து பிரான்ஸ் சுமார் 8,000 கிலோமீட்டர். எனவே போய் வர 80 மில்லி செகண்டுக்குக் குறைவாக எந்தக் கம்பெனி இணைப்பாலும் தர முடியாது. கேபிள் நேர்க்கோட்டில் போவதில்லை, வழியில் ரூட்டர்கள் பல உள்ளன என்பதால் உண்மையில் இன்னும் கூடுதலாகும். செஸ் போன்ற விளையாட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. கார் பந்தயத்திலும் துப்பாக்கி விளையாட்டிலும் தோல்விக்கு இதுவே காரணமாகிவிடும். சர்வர் உங்கள் வீட்டு ஹாலிலேயே இருந்தால் பிங் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்திலேயே நின்றுவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சர்வர் நின்றுவிட்டால்?

ஃபேஸ்புக்கில் ஃபார்ம்வில் என்ற விவசாய கேம் வந்தது 2009-ல். நம் ஊரில் நிஜமாகவே வயல் வைத்திருந்தவர்கள் கூட ஆபீஸ் நேரத்தில் கம்ப்யூட்டரில் தக்காளி பறித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்த கேம் பிளாஷ் என்னும் தொழில்நுட்பத்தில் எழுதப்பட்டிருந்தது. பிளாஷுக்கு மூடுவிழா நடந்தபோது, 2020 டிசம்பர் 31-ல் ஃபேஸ்புக்கில் ஓடிய அந்த முதல் ஃபார்ம்வில்லும் நிறுத்தப்பட்டது. பத்தாண்டுக்கு மேல் பார்த்துப் பார்த்து வளர்த்த தோட்டங்கள் ஒரே நாளில் காணாமல் போயின. பணம் கட்டி மாடும் டிராக்டரும் வாங்கியவர்களுக்கும் இதே கதிதான். தோட்டம் இருந்தது அவர்கள் கம்ப்யூட்டரில் அல்லவே!

இன்னொரு விதமும் உண்டு. 2020 செப்டம்பர் 2-ல் மத்திய அரசு பப்ஜி மொபைல் உள்ளிட்ட 118 ஆப்களைத் தடை செய்தது. பிறகு 2021-ல் பிஜிஎம்ஐ என்ற பெயரில் இந்தியாவுக்கான பதிப்பு வந்தது. 2022 ஜூலையில் அதுவும் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பி வந்தது. இடையில் 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர் தடை செய்யப்பட்டது. தடை சரியா, தவறா என்பது தனி விவாதம். ஆடுபவர் பக்கமிருந்து பார்த்தால், தான் வாங்கிய பொருள், சேர்த்த புள்ளி, பழகிய குழு எதன் மீதும் அவருக்கு உரிமை இல்லை என்பது இதில் தெளிவாகத் தெரிகிறது.

இலவசம் வேறு, கட்டற்றது வேறு

ஆங்கிலத்தில் ஃப்ரீ என்ற ஒரே சொல்லுக்கு விலை இல்லாதது, விடுதலை உள்ளது என இரண்டு பொருள்கள். இதனால் அங்கே 40 ஆண்டுகளாகக் குழப்பம். தமிழில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை. இலவசம் என்றால் காசு இல்லாதது. கட்டற்றது என்றால் கட்டுப்பாடு இல்லாதது. ஃப்ரீ ஃபயர் இலவசம். ஆனால் கட்டற்ற மென்பொருள் அல்ல. அதன் சோர்ஸ் கோட் உங்களுக்குக் கிடைக்காது. அதை மாற்றவோ, சொந்தமாக சர்வர் வைக்கவோ அனுமதி இல்லை.

1983-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிய ஜிஎன்யு திட்டத்திலிருந்து வளர்ந்த கட்டற்ற மென்பொருள் கொள்கை நான்கு உரிமைகளைச் சொல்கிறது: எந்த நோக்கத்துக்காகவும் இயக்குவது, எப்படி வேலை செய்கிறது என்று படித்து மாற்றுவது, பிரதி எடுத்துப் பிறருக்குக் கொடுப்பது, மாற்றிய பிரதியையும் கொடுப்பது. ஓப்பன் சோர்ஸ் என்ற பெயர் 1998-ல் வந்தது. இரண்டு அணிகளுக்கும் கொள்கையில் வேறுபாடுகள் உண்டு என்றாலும் வீட்டில் பயன்படுத்தும் நமக்குக் கிடைக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான்.

திண்டுக்கல் மாவட்டத்துக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது மிகவும் எளிது. பூட்டை உங்களுக்கு விற்றுவிட்டு, சாவியைக் கடைக்காரர் தானே வைத்துக்கொண்டு, “திறக்க வேண்டும் என்றால் என்னிடம் வாருங்கள்” என்றால் வாங்குவீர்களா? சோர்ஸ் கோட் இல்லாத சாப்ட்வேரில் நடப்பது அதுதான். கட்டற்ற சாப்ட்வேரில் சாவி உங்களுக்கும் கிடைக்கிறது. உங்களுக்குத் திறக்கத் தெரியாவிட்டாலும், தெரிந்த ஒருவரிடம் கொடுத்துத் திறந்துகொள்ளலாம்.

ஆன்லைன் கேம்ஸில் இந்த உரிமைக்கு ஒரு ஓட்டை உண்டு. ஜிபிஎல் என்ற புகழ்பெற்ற லைசென்ஸ், புரோகிராமைப் பிறருக்கு வழங்கும்போது சோர்ஸ் கோடையும் தர வேண்டும் என்கிறது. ஆனால் சர்வரில் ஓடும் புரோகிராமை யாரும் உங்களுக்கு வழங்குவதில்லை. அது அவர்களிடமே ஓடுகிறது, நீங்கள் தொலைவிலிருந்து பயன்படுத்துகிறீர்கள். எனவே ஒரு நிறுவனம் ஜிபிஎல் சர்வரை எடுத்து, மாற்றி, சோர்ஸ் கோடை வெளியிடாமலேயே ஓட்டலாம். இந்த ஓட்டையை அடைக்க 2007-ல் ஏஜிபிஎல் மூன்றாம் பதிப்பு வெளியிடப்பட்டது. மாற்றிய புரோகிராமை நெட்வொர்க் வழியாகப் பயன்படுத்துபவருக்கும் சோர்ஸ் கோட் கிடைக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஆன்லைன் கேம் ஒன்றின் லைசென்ஸைப் பார்க்கும்போது இந்த ஓர் எழுத்தைக் கவனியுங்கள்.

என்ஜின் ஒன்று, படங்கள் மற்றொன்று

ஒரு கேமில் என்ஜின் எனப்படும் புரோகிராம் ஒரு பகுதி. படங்கள், ஒலிகள், வரைபடங்கள் மற்றொரு பகுதி. இரண்டுக்கும் தனித்தனி லைசென்ஸ் இருக்கலாம். ஐடி சாப்ட்வேர் நிறுவனம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டூம் கேமை விற்றுச் சம்பாதித்த பிறகு, 1997-ல் அதன் சோர்ஸ் கோடை வெளியிட்டது. குவேக் 3 கேமின் என்ஜினை 2005-ல் ஜிபிஎல் லைசென்ஸில் கொடுத்தது. படங்களை மட்டும் கொடுக்கவில்லை. உடனே ஆர்வலர்கள் புதிதாகப் படங்களும் ஒலிகளும் தயாரித்து ஓப்பன் அரீனா என்ற கேமை உருவாக்கினார்கள். இன்றும் அதை டவுன்லோட் செய்து, சொந்தமாக சர்வர் வைத்து ஆட முடிகிறது. கம்பெனி விற்பனையை முடித்துக்கொண்ட பிறகும் கேம் உயிரோடிருக்க வழி உண்டு என்பதற்கு இது சாட்சி. விற்பனை முடிந்த கேம்களை மற்ற நிறுவனங்களும் இப்படித் திறந்துவிட வேண்டும் என்பது என் கருத்து.

பணம் வைத்து ஆடும் கேம்ஸ்

இங்கேதான் விஷயம் விளையாட்டாக இல்லாமல் போகிறது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்தவர்கள் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் தமிழ்நாட்டில் தொடர்ந்து வந்தன. ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் 2022-ல் தமிழக அரசு ஒரு குழு அமைத்தது. அதன் பின் ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்ட மசோதா 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் நிறைவேறியது. ஆளுநர் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மீண்டும் நிறைவேற்றப்பட்டு ஏப்ரலில் சட்டமானது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டாலும், ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டுகள் என்று கூறி அவற்றைத் தடைப் பட்டியலிலிருந்து நீக்கியது. 2025 பிப்ரவரியில் மாநில அரசு, பணம் வைத்து ஆடும் கேம்களில் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் சேரக்கூடாது, நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை ஆடக்கூடாது என விதிகள் கொண்டு வந்தது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்கு நாடு முழுவதும் தடை விதிக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. அதற்கு ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்ற முறையில் நான் கேட்பது ஒன்றுதான்: சீட்டைக் கலைப்பது யார்? வீட்டுத் திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்து ஆடும்போது, கலைப்பவர் கையை எல்லாரும் பார்க்கிறோம். ஆன்லைனில் சீட்டைக் கலைப்பது சர்வரில் ஓடும் ஒரு புரோகிராம். எதிரே ஆடுவது மனிதரா, பாட் எனப்படும் இன்னொரு புரோகிராமா என்பதும் உங்களுக்குத் தெரியாது. எல்லாச் சீட்டுகளும் தெரிந்த இடம் சர்வர் மட்டுமே. அதை நடத்துபவருக்கே ஆட்டத்தில் வருமானமும் உண்டு.

“அப்படியானால் ஓப்பன் சோர்ஸ் ரம்மி என்றால் நம்பலாமா?” என்று கேட்டால், என் பதில் முடியாது என்பதே. வெளியிட்ட சோர்ஸ் கோடும் சர்வரில் உண்மையில் ஓடும் புரோகிராமும் ஒன்றுதானா என்று தொலைவிலிருந்து உறுதி செய்ய எளிய வழி இல்லை. ஓப்பன் சோர்ஸ் என்ற முத்திரை மட்டும் நேர்மைக்குச் சான்றாகாது. சர்வர் உங்களுடையதாக இருக்க வேண்டும். இல்லையென்றால் மறைப்பதற்கு எதுவுமே இல்லாத விளையாட்டாக இருக்க வேண்டும். இந்த இரண்டாவது வகைக்கு நம் மாநிலத்துக்குப் பிடித்த விளையாட்டு ஒன்றே பொருந்துகிறது.

லீச்செஸ்: மறைக்க எதுவும் இல்லாத பலகை

செஸ்ஸில் கலைக்கச் சீட்டு இல்லை, உருட்டத் தாயமும் இல்லை. இருவர் காய்களும் இருவருக்கும் தெரியும். சர்வர் செய்வதெல்லாம் நகர்த்தல் விதிப்படி சரியா என்று பார்ப்பதும், கடிகாரத்தை ஓட்டுவதும், எதிராளியைத் தேடித் தருவதும்தான். 2022-ல் மாமல்லபுரத்தில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது. 2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ் 18 வயதில் உலக சாம்பியனானார். இதன் பிறகு செஸ் கற்க விரும்பும் பிள்ளைகள் இல்லாத தெரு நம் பக்கம் குறைவு.

அவர்களுக்கு நான் பரிந்துரைப்பது லீச்செஸ் என்ற இணையதளத்தை. ஆங்கிலத்தில் செஸ் என்ற சொல்லுக்கு முன் எல், ஐ என்ற இரண்டு எழுத்துகளைச் சேர்த்து, கடைசியில் டாட் ஓஆர்ஜி என்று டைப் செய்தால் கிடைக்கும். பிரான்ஸைச் சேர்ந்த திபோ டுப்ளெஸ்ஸி என்ற புரோகிராமர் 2010-ல் இதைத் தொடங்கினார். லாப நோக்கமற்ற அமைப்பாக, நன்கொடையில் இயங்குகிறது. விளம்பரம் கிடையாது. பணம் கட்டினால் கூடுதல் வசதி என்ற பேச்சும் கிடையாது. சர்வர் புரோகிராம் மேலே சொன்ன ஏஜிபிஎல் லைசென்ஸில் உள்ளது. வரவு செலவுக் கணக்கை எல்லாரும் பார்க்கும்படி வெளியிடுகிறார்கள். 2013 முதல் ரேட்டிங்குக்காக ஆடப்பட்ட ஆட்டங்களின் தொகுப்பையும் யார் வேண்டுமானாலும் டவுன்லோட் செய்து ஆராயலாம்.

ஆட்டத்தை ஆய்வு செய்யும் ஸ்டாக்ஃபிஷ் என்ஜினும் கட்டற்ற சாப்ட்வேரே. 2008-ல் வெளிவந்த இது இன்று உலகின் மிக வலிமையான செஸ் என்ஜின்களில் ஒன்று. ஒரு காலத்தில் பெரிய ஆட்டக்காரர்களுக்கு மட்டுமே கிடைத்த ஆய்வு, இன்று கிராமத்துப் பள்ளிப் பிள்ளைக்கும் காசில்லாமல் கிடைக்கிறது. இந்த லைசென்ஸ் வெறும் காகிதமும் அல்ல. ஸ்டாக்ஃபிஷ் கோடைப் பயன்படுத்திவிட்டு லைசென்ஸ் நிபந்தனைகளை மீறியதாக, ஜெர்மனியின் செஸ்பேஸ் நிறுவனத்தின் மீது ஸ்டாக்ஃபிஷ் குழுவினர் 2021-ல் வழக்குத் தொடுத்தார்கள். 2022 நவம்பரில் சமரசம் ஏற்பட்டது. சர்ச்சைக்குரிய சாப்ட்வேர் விற்பனை கைவிடப்பட்டது.

தொடங்கும் முறை:

1. தளத்தில் யூசர் நேம், பாஸ்வேர்ட் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள். பிள்ளையின் முழுப் பெயர், ஊர், பிறந்த ஆண்டு ஆகியவற்றை யூசர் நேமில் சேர்க்க வேண்டாம்.

2. சிறுவர்களுக்கு என்றால் அக்கவுண்ட் அமைப்புகளில் கிட் மோட் என்பதை இயக்குங்கள். இதனால் முன்பின் தெரியாதவர்களுடன் சாட் செய்வது நின்றுவிடும்.

3. முதலில் கம்ப்யூட்டருடன் ஆடும் பிரிவைத் தேர்ந்தெடுங்கள். 1 முதல் 8 வரை நிலைகள் உள்ளன. 1-ல் தொடங்கினால் போதும்.

4. நண்பருடன் ஆட, சேலஞ்ச் லிங்க் ஒன்றை உருவாக்கி அனுப்புங்கள். அவருக்கு அக்கவுண்ட் இல்லாவிட்டாலும் ஆடலாம்.

5. ஆட்டம் முடிந்ததும் அனாலிசிஸ் போர்டைத் திறந்து, எந்த நகர்த்தலில் நிலைமை மாறியது என்று பாருங்கள். ஆடும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் இதில் செலவிட்டால் நல்லது.

ஒரு நகர்த்தலுக்கு மிகச் சிறிய அளவு டேட்டாவே செல்கிறது. எனவே சிக்னல் ஒரு கோடு மட்டும் காட்டும் இடத்திலும் பெரும்பாலும் ஆட முடிகிறது.

பழைய லேப்டாப்பில் சொந்த சர்வர்

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15-ல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. அவற்றில் விண்டோஸுடன், சென்னை சி-டாக் மையத்தில் உருவான பாஸ் லினக்ஸும் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. 2000-களின் பிற்பகுதியில் எல்காட் நிறுவனம் உமாசங்கர் தலைமையில் லினக்ஸுக்கு மாறியது நினைவிருக்கலாம். அந்த வழியில் வந்த முயற்சி இது. பெரும்பாலோர் லினக்ஸ் பக்கத்தைத் திறக்கவே இல்லை என்பது வேறு கதை. கீரனூரில் (புதுக்கோட்டைக் கீரனூர் அல்ல, பழனி வட்டத்துக் கீரனூர்) எங்கள் பகுதி வீடுகளில் இன்றும் பரணில் இந்த லேப்டாப்கள் கிடக்கின்றன. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும், விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபரிலும் மைக்ரோசாப்ட்டின் வழக்கமான ஆதரவு முடிந்தது. இந்தப் பழைய மெஷின்களில் விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. தூக்கிப் போடும் முன் ஒரு முயற்சி செய்து பாருங்கள்.

தேவையானவை: 64 பிட் பிராசசர் உள்ள பழைய லேப்டாப் ஒன்று, வீட்டு வைபை ரூட்டர், விளையாடுவதற்கு வேறு இரண்டு கம்ப்யூட்டர்களோ ஆண்ட்ராய்ட் போன்களோ. லேப்டாப்பில் டெபியன் லினக்ஸை எக்ஸ்எஃப்சிஇ என்ற எளிய டெஸ்க்டாப்புடன் இன்ஸ்டால் செய்துகொள்ளுங்கள். 2 ஜிபி ராம் இருந்தாலும் இயங்கும். இன்ஸ்டால் செய்யும் முன் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள பழைய போட்டோக்களையும் சான்றிதழ்களையும் காப்பி எடுத்துவிட மறக்காதீர்கள். பழைய ஹார்ட் டிஸ்க் எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது.

விளையாடப் போவது லுவாண்டி. 2010-ல் ஃபின்லாந்தில் மைன்டெஸ்ட் என்ற பெயரில் தொடங்கி, 2024 அக்டோபரில் இந்தப் பெயருக்கு மாறியது. மைன்கிராப்ட் போலக் கட்டைகளை அடுக்கி உலகம் கட்டும் கேம்கள் இதில் இயங்கும். செய்ய வேண்டியவை:

1. எல்லாக் கருவிகளிலும் லுவாண்டியை இன்ஸ்டால் செய்யுங்கள். எல்லாவற்றிலும் ஒரே பதிப்பு இருப்பது நல்லது.

2. லுவாண்டி என்ஜின் மட்டுமே; கேம் தனியாக வர வேண்டும். சர்வர் லேப்டாப்பில் கன்டென்ட் என்ற டேபைத் திறந்து, மைன்டெஸ்ட் கேம் அல்லது வோக்ஸிலிப்ர் கேமை டவுன்லோட் செய்யுங்கள். மற்றக் கருவிகளில் இது தேவையில்லை. வேண்டியதை சர்வர் அனுப்பிவிடும்.

3. ஸ்டார்ட் கேம் டேபில் நியூ பட்டனை அழுத்தி, உலகத்துக்கு ஒரு பெயர் கொடுங்கள்.

4. ஹோஸ்ட் சர்வர் என்ற கட்டத்தில் டிக் செய்யுங்கள். அனௌன்ஸ் சர்வர் என்ற கட்டத்தில் டிக் செய்ய வேண்டாம். அது உங்கள் சர்வரை ஊருக்கெல்லாம் அறிவித்துவிடும். உங்களுக்கு ஒரு பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குங்கள்.

5. நெட்வொர்க் ஐகானில் இணைப்பு விவரத்தைத் திறந்து லேப்டாப்பின் ஐபி முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். 192.168.1.5 என்பது போல இருக்கும்.

6. மற்றக் கருவிகளில் ஜாயின் கேம் டேபைத் திறந்து, அந்த முகவரியையும் 30000 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்துப் பதிவு செய்து உள்ளே வாருங்கள்.

7. விண்டோஸ் கம்ப்யூட்டரை சர்வராக வைத்திருந்தால் ஃபயர்வால் அனுமதி கேட்கும். பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி கொடுங்கள்.

இன்ஸ்டால் செய்து முடித்த பிறகு இதற்கு இண்டர்நெட் தேவையில்லை. டேட்டா செலவும் இல்லை. முன்பின் தெரியாதவர் யாரும் உள்ளே வந்து பிள்ளைகளிடம் பேச முடியாது. இரவு ஒன்பது மணிக்கு ஆட்டம் முடிய வேண்டும் என்றால், சர்வரை நிறுத்துவது வீட்டில் உள்ள உங்கள் கைதான். உலகம் முழுவதும் ஒரு போல்டரில் சேமிக்கப்படுகிறது. அதைப் பென் டிரைவில் காப்பி செய்துவைத்தால் பத்தாண்டு கழித்தும் கிடைக்கும். ஃபார்ம்வில் தோட்டத்துக்குக் கிடைக்காத வாய்ப்பு இது.

பிள்ளைகளுக்கு வேலை ஒன்று கொடுங்கள். திண்டுக்கல் மலைக்கோட்டையைக் கட்டச் சொல்லுங்கள், அல்லது பழனி மலைப் படிகளை அமைக்கச் சொல்லுங்கள். கட்டி அலுத்தவர்கள் அடுத்த கட்டத்துக்குப் போகலாம். லுவாண்டியில் புதிய கட்டைகளையும் கருவிகளையும் லுவா என்ற எளிய புரோகிராமிங் மொழியில் எழுதிச் சேர்க்கலாம். ஒரு போல்டர், அதற்குள் இரண்டு மூன்று சிறிய டெக்ஸ்ட் பைல்கள் போதும். மற்றவர் எழுதிய கோடைத் திறந்து, ஒரு எண்ணை மாற்றி, என்ன நடக்கிறது என்று பார்ப்பதே நல்ல தொடக்கம். கேம் ஆடும் பிள்ளை கேம் எழுதும் பிள்ளையாவதற்கு இந்த வழியில் பூட்டு எதுவும் இல்லை.

வேகம் வேண்டும் என்பவர்களுக்கு சூப்பர்டக்ஸ்கார்ட் என்ற கார் பந்தயம் உள்ளது. 2019-ல் வந்த 1.0 பதிப்பிலிருந்து நெட்வொர்க்கில் ஆடும் வசதி கிடைத்தது. ஆன்லைன் மெனுவில் லோக்கல் நெட்வொர்க்கிங் பகுதிக்குச் சென்று ஒருவர் சர்வரை உருவாக்க, மற்றவர்கள் அதைத் தேடி இணைந்துகொள்ளலாம். பழைய லேப்டாப்பில் திணறினால் செட்டிங்ஸில் கிராபிக்ஸ் அளவைக் குறைத்துவிடுங்கள்.

குறைகளும் உண்டு

ஓப்பன் சோர்ஸ் ஆர்வலர்கள் பலர் இவற்றைச் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். அப்படி விடுவது வாசகருக்குச் செய்யும் நன்மை அல்ல.

முதலாவது, ஆட்கள் குறைவு. லீச்செஸ் போன்ற சிலவற்றைத் தவிர, பல கட்டற்ற கேம்களின் பொது சர்வர்களில் எதிராளிக்காகக் காத்திருக்க நேரும். நண்பர்களோடு நேரம் பேசி வைத்து ஆடுவதே வழி. இரண்டாவது, பெரிய நிறுவனங்கள் கோடிக்கணக்கில் செலவிட்டுத் தரும் கிராபிக்ஸ் இங்கே கிடைக்காது. பிள்ளைகள் முதல் நாளே இதைச் சொல்லிக் காட்டுவார்கள். மூன்றாவது, ஏமாற்று வேலை. சோர்ஸ் கோட் கையில் இருப்பதால் கிளையண்ட்டை மாற்றி, சுவருக்குப் பின்னால் இருப்பவரைப் பார்க்கும்படி செய்வது எளிது. மூடிய கேம்களிலும் இது நடக்கிறது என்றாலும் இங்கே முயற்சி குறைவாகப் போதும். கிளையண்ட்டை நம்பாமல் எல்லாவற்றையும் சர்வரே சரிபார்ப்பதும், பார்க்கக் கூடாததை கிளையண்ட்டுக்கு அனுப்பாமலே இருப்பதும் இதற்கு நல்ல மருந்துகள்.

நான்காவது, லினக்ஸில் எல்லா கேமும் ஓடாது. வால்வ் நிறுவனம் 2018-ல் வெளியிட்ட புரோட்டான் மூலம் ஏராளமான விண்டோஸ் கேம்கள் லினக்ஸில் ஓடுகின்றன. ஆனால் விண்டோஸின் அடி ஆழம் வரை சென்று கண்காணிக்கும் ஆண்டி-சீட் புரோகிராம் கேட்கும் வாலரன்ட் போன்றவை ஓடுவதில்லை. ஒரு விளையாட்டுக்காகக் கம்ப்யூட்டரின் முழு அதிகாரத்தையும் வெளியாருக்குக் கொடுப்பது சரியா என்று நான் கேட்பேன். அந்த கேம்தான் வேண்டும் என்று பிள்ளை நின்றால், நெட் பேங்கிங் செய்யும் கம்ப்யூட்டரில் அதை இன்ஸ்டால் செய்யாதிருப்பது நல்லது.

மூன்று கேள்விகள்

மூடிய கேம் எதையும் தொடவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. பணம் வைத்து ஆடுபவை வேண்டவே வேண்டாம்; மற்றவற்றை அளவோடு, அவை நமக்குச் சொந்தமில்லை என்று தெரிந்து ஆடலாம். புதிய கேம் ஒன்றை இன்ஸ்டால் செய்யும் முன் வீட்டில் எல்லாரும் சேர்ந்து கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. சர்வரை நடத்துபவர் நாளைக்கு நிறுத்திவிட்டால் நம்மிடம் என்ன மிஞ்சும்?

2. இந்தப் புரோகிராமை வேறு யாராவது படித்துப் பார்க்க முடியுமா, சொந்தமாக ஓட்ட முடியுமா?

3. நாம் கூடுதல் நேரம் ஆடினால் அல்லது தோற்றால் யாருக்கு லாபம்?

மூன்றாவது கேள்விக்கு “சர்வர் வைத்திருப்பவருக்கு” என்று பதில் வந்தால், அந்த ஆப்பை அங்கேயே விட்டுவிடுங்கள். பரணில் கிடக்கும் லேப்டாப்பை இறக்கித் தூசி தட்டுங்கள். வரும் விடுமுறையில் பிள்ளைகளை உடன் வைத்துக்கொண்டே லினக்ஸை இன்ஸ்டால் செய்து, சர்வர் அமைக்கும் வேலையையும் அவர்களிடமே கொடுத்துப் பாருங்கள்.